கழுவத் தண்ணி இல்லய்யா

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் சவாரி ஓட்டுகிறேன். தென்பழனி செக்போஸ்ட் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ஏறுகிற வண்டிக்கு ஒதுங்குவது, இறக்கத்தில் பிரேக்கை விட கியரை நம்புவது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வந்தவர்களை ஊர்க்காரர் வாசலில் எப்படி இறக்குவது என்பதுதான் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

மலைமேல் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடொன்றில் ஒரு பாட்டி டீ போட்டுத் தருவார். முன்பு சவாரிக்காரருக்கும் எனக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்தான். "எந்த ஊருப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஆற்றுவார்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. சவாரி நின்றுபோய், அரிசியும் பிரஷர் மாத்திரையும் மேலே ஏற்றினேன். கீழே, கேரள எல்லை அடைபட்டு, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற கம்பம் பக்கத்துச் சனம் வீட்டில் முடங்கிக் கிடந்தது. லயனில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். ஒருவர் இருமினால் வரிசைக்கே தூக்கம் போய்விடும்.

செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்றானதும் பைக்குகள் ஏறின. பாட்டி எனக்கு டம்ளர் நீட்டினார், வந்தவர்களுக்குப் பேப்பர் கப். "எங்களுக்கும் டம்ளர்ல தாங்களேன்" என்றார் ஒரு மதுரைக்காரர். "கழுவத் தண்ணி இல்லய்யா" என்றார் பாட்டி. எதிரே ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நோய் போன பிறகும் பேப்பர் கப் போகவில்லை. பயம் என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்தால் அது கணக்கு. கொழுந்து பறித்த கூலியில் அந்த வீடு ஓடியது. ஆள் வராவிட்டால் பட்டினி கிடப்பது நானும் லாட்ஜ்காரரும்தான். பாட்டி அதை அந்த வருசம் கண்டுகொண்டார்.

2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை இந்தப் பக்கம் வந்தபோது சுற்றுலாவை நிறுத்தினார்கள். லயன்காரர்கள் இருட்டியபின் வெளியே கால் வைக்கவில்லை. எனக்கோ போன் மேல் போன்: "அண்ணே, யானையைப் பார்க்க முடியுமா?"

இப்போது செக்போஸ்ட்டுக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டிச் சொல்லிவிடுகிறேன்: கொடியில் காயும் துணியைப் படம் எடுக்காதீங்க, வாசலில் நின்று ரீல்ஸ் போடாதீங்க. சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. குடித்த பேப்பர் கப்பைத் தேயிலைச் செடிக்குள் வீசுவது பொறுக்காமல் நானே ஆறு டம்ளர் வாங்கி வண்டியில் வைத்தேன். பாட்டி அதில் ஊற்றித் தருவார், கழுவுவது நான்.

போன மாதம் ஒரு டம்ளரைக் காணோம். சவாரிக்காரர் எடுத்துப் போயிருப்பார் என்கிறார் பாட்டி. அவர் வீட்டு அடுக்களைத் திட்டில் ஒன்று கூடுதலாகக் கவிழ்ந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.