இருண்ட இல்லமும் நிழற்படக் கருவியும்

நிழற்படக் கலை பற்றிய நூல்களைத் தேடிப் படிப்பதும், கருவிகளின் நிறைகுறைகளை ஆராய்வதும் நமக்குப் பல்லாண்டுப் பொழுதுபோக்கு. அரபு இலக்கணம் போதிப்பவருக்குக் கேமராவோடு என்ன உறவு என நண்பர்கள் வினவுவதுண்டு. அவ்வுறவு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது.

இவ்வகை ஆங்கில நூல்கள் பலவற்றின் வரலாற்று இயலில் இப்னுல் ஹைத்தமின் பெயர் ஒரு வரியில் வந்து மறையும். நம்மவர் சிலரின் சிறுநூல்களிலோ, கேமராவைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்றும், 'கமரா' என்னும் அரபுச் சொல்லே கேமரா ஆயிற்று என்றும் முழங்கக் காண்கிறோம். இரண்டும் நீதியன்று.

சொல்லை முதலில் நோக்குவோம். கேமரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதன் மூலம் கிரேக்கம். இருட்டறை எனப் பொருள்படும் 'கேமரா அப்ஸ்கியூரா' என்ற தொடரை 1604இல் கெப்ளர் ஆண்டார். 'கிதாபுல் மனாழிர்' நூலில் இப்னுல் ஹைத்தம் எழுதிய சொல் 'அல்பைத்துல் முழ்லிம்', அதாவது இருண்ட இல்லம். பொருள் ஒன்றே, வேர் வேறு.

சிறு துளைவழி உருவம் தலைகீழாக விழும் என்பதைச் சீனர் முன்னரே அறிந்திருந்தனர். கிரகணத்தின்போது இலைகளின் இடைவெளியில் ஒழுகும் ஒளி பிறை வடிவு கொள்வதேன் எனக் கிரேக்கர் கேட்டிருந்தனர். அவ்வினாவைத் தனி நூலாகவே எழுதி ஆராய்ந்தவர், ஹிஜ்ரி 354 அளவில் (கி.பி. 965) பஸராவில் பிறந்த நம் அறிஞர். இருட்டறைக்கு வெளியே விளக்குகள் பலவற்றை வைத்தார். ஒன்றை மறைத்தபோது அதற்குரிய ஒளிப்பொட்டு மட்டுமே மறைந்தது. ஒரே துளையில் நுழையினும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை எனக் காட்டினார். கண்டதைச் சோதித்துப் பார்த்தலே அவர் பெருமை. பொய்ப் புகழைச் சுமந்து செல்லும் நம் மாணவன் கல்லூரியில் மறுக்கப்படுவானாயின், இம்மெய்ப் புகழையும் அவன் ஐயுறுவான் அன்றோ?

2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, கடமலைக்குண்டில் வேப்பமர நிழலெங்கும் பிறைகள் சிதறிக் கிடந்தன. மாணவர்க்கு அவற்றைக் காட்டியே பாடம் நடத்தினோம்.

துளை சிறுத்தால் உருவம் தெளியும், ஒளி குன்றும். இன்றைய கருவியிலும் இவ்விதியே ஆள்கிறது. துளை எண்ணை எட்டிலிருந்து பதினாறுக்கு மாற்றினால் துளையின் விட்டம் பாதியாகும். ஒளி நான்கில் ஒன்றாகும். அளவுமீறிச் சுருக்கினாலோ ஒளி விளிம்பில் வளைந்து உருவம் மீண்டும் மங்கும். இதனை உணர்ந்தவருக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே நெடுங்காலம் போதும். விலையுயர்ந்த கருவியை நாடுமுன் நல்ல நூலை நாடுதல் நன்று.

அத்தகைய நூல்களுள் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்சின் 'தி கேமரா' (1980), 'தி நெகட்டிவ்' (1981), 'தி பிரிண்ட்' (1983) ஆகிய மூன்றையும் தலையாயவை என்போம். கருமை முதல் வெண்மை வரை ஒளியைப் பதினொரு படிகளாக வகுக்கிறார். நடுப்பகலில் மூல வைகையின் வெண்மணலும் தென்னந்தோப்பின் இருளும் ஒரே படத்தில் அமைவது அரிது. எதனைக் காப்பது, எதனை விடுவது என முன்கூட்டியே முடிவு செய்ய இம்முறை கற்பிக்கிறது. குறையும் உண்டு. பின்னிரு நூல்களில் பிலிம் கழுவும் இரசாயனச் செய்திகள் மிகுதி. டிஜிட்டல் கருவி வைத்திருப்போர்க்கு அவை சுமையாகலாம். முதல் நூலை மட்டுமேனும் எவரும் தவறவிடலாகாது.

எக்கருவியும் வாங்க இயலாத மாணவர் வருந்த வேண்டுவதில்லை. வெயில் நேரத்தில் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, அட்டையில் சுண்டுவிரல் நுனியளவு துளையிட்டுப் பொருத்துக. கண் இருளுக்குப் பழகியதும் எதிர்ச்சுவரில் தெருவும் தென்னையும் தலைகீழாகத் தோன்றும். இப்னுல் ஹைத்தமின் இருண்ட இல்லம் அதுவே.