நிற்கும் அலைகள்
ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிக் கால்வாய்களின் ஓரமாக நீளும் பழைய செங்கல் கிடங்கு வரிசைக்கு ஸ்பைஹர்ஷ்டாட் என்று பெயர். அங்கே 2001இல் ஃபிரெடெரிக் பிரௌன், கெரிட் பிரௌன் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய மினியட்டூர் வுண்டர்லாண்ட், ரயில் மாதிரிக் காட்சிகளில் உலகிலேயே பெரியது. 87 மீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கும் அளவு. மனிதர்கள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். கூட்டம் ரயில்களுக்காக வருகிறது. நான் பார்க்கப் போனது தண்ணீரை. மலைப் பகுதிகளில் கண்ணுக்குப் படும் நீரெல்லாம் இறுகிப்போன செயற்கைப் பூச்சு. ஸ்காண்டிநேவியப் பகுதியிலோ சுமார் 30,000 லிட்டர் உண்மைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதில் கப்பல்கள் மிதக்கின்றன, ஓதம் ஏறி இறங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. தண்ணீரைக் காட்டத் தண்ணீரே இருக்கும்போது, கைவினைஞர் ஏன் ரெசின் என்ற செயற்கைப் பிசினோடும் பசையோடும் மல்லுக்கட்ட வேண்டும்? பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்கும் ஆற்றைப் பொறுத்தவரை, ஓடாத ரெசின்தான் ஓடும் நீரைவிட உண்மையானது என்பது என் கட்சி.

மரத்தைச் சுருக்கலாம், வீட்டைச் சுருக்கலாம். நீர் சுருங்க மறுக்கும். ஒரு துளி மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது என்றால், 87 மடங்கு அளவில் அது 26 சென்டிமீட்டர். பாலத்தில் நிற்கும் பொம்மை மனிதனின் தலையைவிடப் பெரிய உருண்டை. பரப்பு இழுவிசை எந்தச் சிற்பிக்கும் வளைந்து கொடுக்காது. அதைவிடப் பெரிய தொல்லை வேகம். 50 மீட்டர் அருவி ஒன்றில் நீர் கீழே வந்து சேர மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். மாதிரியில் அதே அருவி 57 சென்டிமீட்டர். உண்மைத் தண்ணீரை விட்டால் ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்கில் விழுந்து முடிந்துவிடும். 87இன் வர்க்கமூலம் ஒன்பது சொச்சம். அத்தனை மடங்கு அவசரம். சினிமாக்காரர்கள் சின்ன அணையை உடைத்துப் பெரிய வெள்ளம் காட்டும்போது கேமராவை அதே விகிதத்தில் வேகமாக ஓட்டிப் படம்பிடித்து, மெதுவாக்கித் திரையிடுவது இதனால்தான். நேரில் நின்று பார்ப்பவனின் கண்ணில் அப்படி ஒரு கருவி இல்லை. வுண்டர்லாண்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முழு நாள் கழிந்து இரவு வருகிறது. அந்த அவசரத்தை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பகலின் வேகத்தை ஒப்பிட அருகில் எதுவும் இல்லை. விழும் நீருக்கோ அருகிலேயே நிதானமாகப் போகும் ரயில் அளவுகோலாக நிற்கிறது.

நீரியல் பொறியாளர்கள் மறுப்பார்கள். திருவள்ளூர் மாவட்டம் பூண்டியிலும், 1916 முதல் இயங்கிவரும் புனே அருகேயுள்ள கடக்வாஸ்லா ஆய்வு நிலையத்திலும் அணைகளையும் கலிங்குகளையும் சிறிதாகக் கட்டி உண்மைத் தண்ணீரையே ஓடவிட்டுத்தானே சோதிக்கிறார்கள்? ஆம். ஆனால் அவர்கள் தேடுவது தோற்றத்தை அல்ல. எவ்வளவு நீர் போகிறது, எந்த உயரத்துக்கு ஏறுகிறது, எங்கே அரிக்கிறது என்பதை அளந்து, வில்லியம் ஃபிரௌட் 19ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த விதிப்படி காலத்தையும் வேகத்தையும் திருப்பிப் பெருக்கிக்கொள்கிறார்கள். அப்படியும் ஆழம் மிகக் குறைந்துபோனால் பரப்பு இழுவிசை குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்கும். அதைத் தவிர்க்க, 1940களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் போர்க்கைதிகளின் உழைப்போடு கட்டத் தொடங்கிய மிசிசிப்பி ஆற்றுப்படுகை மாதிரியில், நீள அகலத்தை 2000இல் ஒரு பங்காகவும் உயரத்தை 100இல் ஒரு பங்காகவும் வைத்தார்கள். மலையும் கரையும் இருக்கவேண்டியதைவிட இருபது மடங்கு செங்குத்து. நீர் ஒழுங்காக நடந்துகொள்வதற்காக நிலத்தைப் பொய்யாக்கினார்கள். நிலக்காட்சி செய்பவர் நிலத்தை மெய்யாக வைத்துக்கொண்டு நீரைப் பொய்யாக்குகிறார். ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதைப் பொறியாளர்களின் மாதிரியே ஒப்புக்கொள்கிறது.

இந்தக் கைவேலைக்குச் சாதகமாக இயற்கையிலேயே ஒரு சலுகை இருக்கிறது. கடலில் நீர் ஏறக்குறைய அங்கேயே இருக்க, அலை நகர்கிறது. பாறை நிறைந்த ஆற்றிலோ நேர்மாறு: நீர் ஓடுகிறது, அலை நிற்கிறது. முங்கிக் கிடக்கும் பாறைக்கு மேற்புறம் ஒரு மெத்தைபோல் உப்பும் நீர், அதைத் தாண்டியதும் குழி, குழிக்குப் பின்னால் திரும்பி மடியும் நுரை, இரு பாறைகளுக்கு நடுவே கீழ்நோக்கிக் கூர்ந்துபோகும் வழவழப்பான நாக்கு, அதன் முனையில் வரிசையாக எழும் அலைகள். நீர்மட்டம் மாறாதவரை இவை எல்லாம் இடம் பெயராமல் அதே உருவில் இருக்கும். ஆகவே இந்த ஓட்டத்தை அசையாத பொருளில் செய்வது அதன் இயல்பில் ஏற்கெனவே உள்ள ஓர் உறுதியைப் பிடிப்பது. இதிலிருந்து தொழிலுக்கு ஒரு கட்டளையும் பிறக்கிறது: அலையின் காரணம் அடியில் உள்ள கல். கல்லை வைக்காமல் அலை வைத்தால் எத்தனை திறமையாகத் தீட்டினாலும் கண் சந்தேகப்படும். நல்ல வேலைக்காரர் முதலில் கம்பிவலையின்மேல் பிளாஸ்டரால் படுகையை முடிக்கிறார். சரிவு எங்கே கூடுகிறது, நீர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று பார்த்துக் கல் பதிக்கிறார். ஆழத்துக்குக் கரும்பச்சையும் கரையோரத்துக்கு மணல் நிறமும் பூசுகிறார். நீர் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, நீர் ஊற்றப்படும் முன்பே முடிந்துவிடுகிறது.

பிறகுதான் ரெசின். இரு திரவங்களைச் சரியான விகிதத்தில் கலந்தால் தானே சூடேறி இறுகும் எபாக்ஸியை மெல்லிய அடுக்குகளாகவே ஊற்றவேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் வெப்பம் பெருகி விரிசல் விடும், மஞ்சளிக்கும். இறுகுமுன் கரையோரப் பாறையில் அது தந்துகிக் குழாயில் ஏறும் நீர்போல் மேலேறும். ஏறிய இடத்தைப் பின்னால் மங்கல் வார்னிஷ் பூசி மறைக்கவேண்டும். குமிழிகளை மேலே சூடான காற்றைக் காட்டி உடைக்கிறார்கள். இரு திரவங்களில் இறுகவைப்பதான ஹார்ட்னர் தோலில் பட்டுப் பழகினால் தீராத ஒவ்வாமை வந்துவிடும் என்பதால் கையுறை கட்டாயம். அழகிய ஓடைக்குப் பின்னால் இப்படி ஒரு ரசாயனத் தொழிலாளியும் இருக்கிறார் என்பது பார்வையாளர் நினைவுக்கு வருவதில்லை. ரெசின் தானாகவே சமதளமாகிவிடும், ஆகவே அதனால் குளம்தான் வரும். அலையை எழுப்ப, தடித்த அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் குத்திக் குத்தி எடுக்கவேண்டும். கடைசியில் உலர்ந்த தூரிகையில் ஒட்டியும் ஒட்டாத வெள்ளை, அலையின் முகட்டில் மட்டும். வெள்ளை என்பது நீருக்குள் புகுந்த காற்று. காற்று புகக் காரணமில்லாத இடத்தில் வெள்ளை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

அருவிகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. பாலியெஸ்டர் பஞ்சை இழை இழையாகப் பிரித்து, பசை தோய்த்துத் தொங்கவிடுகிறார்கள். பார்க்கப் பால் வழிவதுபோல் இருக்கிறது. ஆனால் அது கண் கண்ட அருவி அல்ல, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்த கேமரா கண்டது. அருகில் நின்று பார்த்தால் விழும் நீர் கொத்துக் கொத்தாகப் பிரிந்து, கீழ்நோக்கிய கூர்முனைகளாக இறங்கும். ஒரு கொத்தைக் கண் பிடித்துக்கொண்டு கூடவே கீழே வரும். சிலிகோன் பசையைக் கண்ணாடித் தகட்டில் ஒழுங்கற்ற கோடுகளாகத் தேய்த்து, காய்ந்தபின் உரித்தெடுத்து மாட்டும் பழைய முறையில் இந்தக் கொத்துகள் தங்குகின்றன. புகைப்படத்தில் பஞ்சு ஜெயிக்கும். ரயிலுக்கு முன்னால் நிற்கும்போது சிலிகோன். ஒலி இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஒலிபெருக்கி வைத்து அதைச் சரிக்கட்டலாம். உண்மை நீரை வைத்தால் வரும் ஒலியோ குழாய் சொட்டும் ஒலி.

அப்படியானால் ஸ்காண்டிநேவியக் கடல்? அங்கே தண்ணீர் இருப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அது வேறு காரணத்துக்காக ஜெயிக்கிறது. 20 நாட் வேகத்தில் போகும் கப்பலை 87இல் ஒரு பங்காக்கினால் விநாடிக்குப் 12 சென்டிமீட்டர்தான் நகரும். நீர்ப்பரப்பில் விநாடிக்கு 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் எந்த அலையும் பயணிக்காது. ஆகவே சரியான வேகத்தில் போகும் குட்டிக் கப்பல் பின்னால் அலைத்தடமே விடாமல் வழுக்கிச் செல்கிறது. உண்மைக் கடலில் காணமுடியாத காட்சி. ஆனாலும் பார்ப்பவர் கண் கப்பலில் இருக்கிறது, நீர் அமைதியான துறைமுக நீர், ஓதம் மெதுவாக ஏறுவதால் வேகக் கணக்கு இடிப்பதில்லை. நீர் நகர்வதுதான் அங்கே கதை. கப்பல் மிதந்தே ஆகவேண்டும். கரையில் உடைந்து சுருளும் அலை மட்டும் இரு முறைக்கும் பிடிபடாதது. தொட்டியில் அது சிறு நெளிவாகவே வரும்; ரெசினில் செய்தாலோ, நகரவேண்டிய உருவம் நின்றுபோனதை ஒரு நிமிடத்தில் கண் கண்டுபிடித்துவிடும். அனுபவமுள்ளவர்கள் கடற்கரையைச் செய்யும்போது காற்றில்லாத ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்துகொண்டு, தங்கள் துணிச்சலை எல்லாம் மலையாற்றுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.