இரண்டாவது வெடி

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அடுத்த ஆண்டு தன்சானியாவுக்கு எருமை வேட்டைக்குப் போகிறேன். ஒரு றைபிள் செய்விக்க வேண்டும். எந்தப் போல்ற் அக்சன் நல்லது, சொல்லுங்கோ" என்றான்.

வாழ்நாள் முழுவதும் பத்திரிகைக் காரியாலயத்தில் பேனா பிடித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று நண்பர்கள் வியக்கலாம். எங்கள் குடும்பத்தில் வேட்டைத் துவக்கு வைத்திருந்தவர் என் பெரியப்பா ஒருவரே. அவரோடு காட்டுக்குப் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவனே. அதனாற்றான் கேட்டான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருவேட்டைக்கு மிருகம் ஏது? ஆனையிறவு என்ற பெயர் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னியிற் பிடித்த யானைகளை அந்த வழியாகவே குடாநாட்டுக்குக் கொண்டுவந்து கப்பலேற்றினார்கள். எங்கள் காலத்து வேட்டைக்காரர் அதே வழியால் எதிர்த்திசையிற் போனார்கள்.

1963ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினான்கு. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குளத்தடிக் கிராமத்தில் வயலை அழித்து, ஒருவரை மிதித்தும் கொன்ற அலியன் யானை ஒன்றைச் சுடுவதற்குப் பெரியப்பாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. என்னை ஒரு பாலை மரத்தில் ஏற்றிவிட்டு, ஊர் முதியவர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு அவர் முன்னே போனார்.

முதல் வெடி தோளிற் பட்டது. யானை விழவில்லை, திரும்பியது. பெரியப்பா போல்ற்றை இழுத்து வெற்றுக் கோதை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை முன்னே தள்ளினார். கைபிடியை மடக்கிப் பூட்டுமுன், பதற்றத்தில் மறுபடியும் பின்னே இழுத்துவிட்டார். தள்ளிய தோட்டா குழலிலேயே கிடந்தது. அதன் பின்னால் இன்னொரு தோட்டா வந்து முட்டிக்கொண்டது. துவக்கு வெறும் தடியாயிற்று. முதியவர் கையிலிருந்த தகரத்தை அடித்துக் கூக்குரலிட்டிராவிட்டால் நான் பெரியப்பாவை உயிரோடு கண்டிருக்க மாட்டேன். யானை காட்டுக்குள் மறைந்தது. ஒன்பதாம் நாள் காகங்கள் காட்டிக்கொடுக்க, ஒரு நீர்மோட்டைக் கரையில் அதைக் கண்டெடுத்தார்கள். அது எத்தனை நாள் வேதனைப்பட்டதென்று எவரும் சொல்லவில்லை.

அந்தத் துவக்கின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பிழை அதனுடையதல்ல, கையினுடையது என்றே பெரியப்பா கடைசிவரை சொன்னார். ஆனால் கை பிழைவிடும் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்யப்பட்ட அக்சன் ஒன்று உலகில் அப்போதே இருந்தது. அதைத்தான் மருமகனுக்குச் சொன்னேன்.

அது ஜெர்மனியின் 1898ஆம் ஆண்டு மவுசர். அதன் போல்ற்றின் பக்கவாட்டில் நீண்ட உருக்கு நகம் ஒன்று உண்டு. தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும்போதே அதன் அடி விளிம்பு இந்த நகத்துள் நுழைந்துவிடும். அதன்பின் முன்னே தள்ளினாலும் பாதியில் இழுத்தாலும் தோட்டா போல்ற்றோடேயே வரும். ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிக்குவது அரிது. மற்ற வகையில் போல்ற் தோட்டாவை வெறுமனே தள்ளிச் செல்கிறது. முழுதும் மூடிய பின்னரே கொக்கி விளிம்பைப் பற்றுகிறது. 1962இல் வந்த றெமிங்ரன் 700 இந்த வகை. உறுதியானது, குறி தப்பாதது, விலையும் குறைவு. மான் வேட்டைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பிப் பாயும் மிருகத்தின் முன்னால்தான் வித்தியாசம் தெரியும்.

1936இல் வெளிவந்த வின்செஸ்ரர் 70 மவுசரின் நகத்தையே கொண்டிருந்தது. 1964இல் செலவைக் குறைக்க அதைக் கைவிட்டார்கள். வேட்டைக்காரர் முகஞ்சுழித்தார்கள், பல ஆண்டுகளின் பின் நகம் மீண்டும் வந்தது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கோர்பெற்றுக்குப் பரிசளிக்கப்பட்ட .275 றிக்பி றைபிளும் மவுசர் அக்சனில் அமைந்ததே.

மருமகன் .375 ஹொலண்ட் தோட்டாவை விரும்புகிறான். எருமைக்கு அது பொருத்தமே. ஆனால் அது நீளமான தோட்டா. பழைய இராணுவ மவுசரை மலிவாக வாங்கி அதற்கேற்ப அரிந்தால், பூட்டுப் பற்களைத் தாங்கும் இடத்துக்குப் பின்னாலுள்ள இரும்பு குறையும். தொலைநோக்கி பூட்டினால் கைபிடியையும் பாதுகாப்பு நெம்பையும் மாற்ற வேண்டியும் வரும். ஆகவே நீளத் தோட்டாவுக்கென்றே செய்த அக்சனை வாங்கு, அல்லது வழமையான நீளத்துக்குள் அடங்கும் 9.3x62 தோட்டாவை எடு என்றேன். அது 1905இலிருந்து ஆபிரிக்காவில் பெயர் பெற்ற தோட்டா.

"இவ்வளவுதானா, மாமா?" என்றான்.

"இல்லை, தம்பி. எந்த அக்சனை வாங்கினாலும், வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களை இட்டு ஆயிரம் தடவை இழுத்துப் பூட்டிப் பழகு. முழுதாக இழு, முழுதாகத் தள்ளு, முழுதாக மடக்கு. கண் மிருகத்தில் இருக்கக் கை தானாக வேலை செய்ய வேண்டும்" என்றேன்.

அந்த ஆண்டே பெரியப்பா துவக்கை விற்றுவிட்டார். பிறகு அவர் காட்டுக்குப் போகவில்லை. ஒருநாள் காரணம் கேட்டேன். "முதல் வெடி எங்கடை ஆசைக்கு, தம்பி. இரண்டாவது வெடி அந்த மிருகத்துக்கு நாங்கள் குடுக்க வேண்டிய கடன். அதைக் குடுக்க ஏலாதவன் முதலாவதை வைக்கக்கூடாது" என்றார்.

மருமகனுக்கு இதையும் சொன்னேன். சற்றுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "மாமா, முதலில் அந்தப் போலித் தோட்டாக்களை வாங்குகிறேன். துவக்கைப் பற்றிப் பிறகு யோசிப்போம்" என்றான். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது.