குழந்தைக்கா தெரியாது?

"குழந்தை காதில் விழப்போகிறது, மெதுவாய்ப் பேசுங்கள்!" என்று நோய் வந்த வீட்டில் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் சகோதரிகளே, குழந்தைக்கா தெரியாது?

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியல் அறிஞர், அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளோடு பல மாதங்கள் பழகி, 1978-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எல்லாம் மூன்று முதல் ஒன்பது வயதுப் பிஞ்சுகள். தாங்கள் பிழைக்கமாட்டோம் என்பது, யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது! தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பேசினால் அம்மா அழுவாளே! பெற்றோர் குழந்தையைக் காப்பதாக நினைத்திருக்க, குழந்தையல்லவா பெற்றோரைக் காத்துக்கொண்டிருந்தது! அதைப் படித்துவிட்டு அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

இன்று, குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை ரத்தப் புற்றுநோய், நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. ஆனால் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நீளும். அத்தனை நாளும் அது தனியாகவா தவிக்க வேண்டும்?

'நான் விஷமம் செய்ததால்தான் வியாதி வந்ததோ' என்று சின்னக் குழந்தைகள் எண்ணுவதுண்டு. "உன் தப்பு ஒன்றுமில்லை, கண்ணு" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஊசி வலிக்காது என்று புளுகாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். மருந்தினால் தலைமுடி கொட்டும், பிறகு முளைக்கும் என்பதையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அழுகை வருகிறதா? சமையலறைக்கு ஓடாதீர்கள். "எனக்கும் கவலையாய்த்தான் இருக்கிறது" என்று பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் பாருங்கள், அதுவும் பேசும்.