சுருளும் இணைப்பும்

விறகுச் சூளை தன் நோயை மறைப்பதில்லை. புகையின் நிறமும் சுவாலையின் நீளமும் உள்ளே நிகழ்வதைக் குயவருக்கு உணர்த்திவிடும். மின்சூளையோ ஊமை. அதன் குறையைச் சூளை ஆறியபின் வெளிவரும் கலங்களே சொல்லவேண்டும்.

மேற்றட்டுக் கிண்ணங்கள் கண்ணாடிபோல் மின்னுகின்றன. கீழ்த்தட்டில் இருந்தவையோ மெருகுப்பூச்சு உருகாது, சுண்ணாம்பு தடவியவைபோல் வெளிறிக் கிடக்கின்றன. 1886இல் செருமானியரான ஏர்மன் சேகர் வகுத்த முறையில் அமைந்த கூம்புகளும் இதற்குச் சான்று பகர்கின்றன: மேலே வைத்த கூம்பு வளைந்திருக்க, கீழே வைத்தது நிமிர்ந்தே நிற்கிறது. தனியொருவராகப் பட்டறை நடத்தும் குயவருக்கு இது வெறும் பழுது அன்று. பல கிழமைகளின் உழைப்பும், நாள் குறித்துக் கொடுத்த வாக்கும் அந்தக் கீழ்த்தட்டிலே தங்கிவிடுகின்றன. அவ்வேளை மனம் முதலிற் பழிப்பது சுருளையே. ஒளிர்வது அதுவாகையால், கெட்டதும் அதுவே எனக் கொள்ளுதல் இயல்பு.

சுருளும் முற்றாகக் குற்றமற்றதன்று. இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகியன சேர்ந்த கலப்புலோகத்தாலான அக்கம்பி, தன் மேற்பரப்பில் உண்டாகும் அலுமினிய ஒட்சைட்டுப் படலத்தின் காவலினாலேயே 1000 பாகை செல்சியசுக்கு மேலும் நிலைக்கிறது. சூடுதோறும் அலுமினியம் குறைய, கம்பி மெலிந்து தடை மிகுகிறது. 230 உவோற்றில் 11.5 ஓம் தடையுள்ள சுருள் 20 அம்பியர் மின்னோட்டத்தைப் பெற்று 4600 உவாற்று வலுவைத் தரும். தடை பத்திலொன்று கூடினால் வலு 4200 உவாற்றுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். சூளை ஆண்டுகள் செல்லச் சோர்வதன் காரணம் இதுவே. ஆயின் மெல்லச் சோர்தல் வேறு. ஒரு தட்டு திடீரெனக் குளிர்தல் வேறு. பின்னதன் காரணத்தைச் சூளையின் வயிற்றில் மட்டுமன்றி, இணைப்புகள் மறைந்திருக்கும் புறப்பெட்டியிலும் தேடவேண்டும்.

அங்கேதான் சுருளின் வால் செப்புக் கம்பியோடு கூடுகிறது. திருகாணி தளர்ந்த இணைப்பொன்றில் 0.1 ஓம் தடை தோன்றினும், 20 அம்பியர் ஓட்டத்தில் அவ்விடத்தே 40 உவாற்று வெப்பம் பிறக்கும். சூளைக்கு அது அற்பம். விரல்நுனியளவு உலோகத்துக்கோ பெருந்தீ. செம்பு கறுக்கிறது, கறுத்த படலம் தடையைக் கூட்டுகிறது, கூடிய தடை மேலும் சுடுகிறது. ஈற்றில் காவலுறை கருகி, இணைப்பே அறுந்துபோகிறது.

எனவே ஆராய்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆளியை அணைத்தல் போதாது. மின்வழங்கலையே துண்டித்து, மின் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதிசெய்தல் வேண்டும். ஏனைய படிகளிற் பிழைத்தாற் பொருள் நட்டமாகும். இந்த முதற்படியிற் பிழைத்தால் உயிரே போகும். அடுத்து, மூடியைக் கழற்றிக் கண்ணாற் காணல்: பழுப்பேறிய காவலுறை, நிறம் மாறிய திருகாணி. பின்னர், சுருளின் ஒரு முனையை விடுவித்துத் தடையை அளத்தல். அளவு முடிவிலியாயின் சுருள் அறுந்தது. சற்று மிகுந்ததாயின் அது முதுமை. முன்போலவேயாயின் குற்றம் இணைப்பிலோ ஆளியிலோ உள்ளது. கருகிய செம்பை வெட்டி நீக்கிப் புதிய இணைப்பியை இட்டு இறுக்குதலே மருந்து. பழையதை மீள இறுக்குதல் நோயை ஒளித்துவைத்தலாகும். பயன்பட்ட சுருள் குளிர்ந்த நிலையில் நொறுங்கும் இயல்பினது. அதன் வாலை வளைத்தலும் ஆகாது.

இவ்வொழுங்கைக் கைக்கொள்ளும் குயவர், பல வேளைகளில் ஒரு சிறு இணைப்பியின் விலையோடு சூளையை மீட்டுக்கொள்கிறார். கீழ்த்தட்டுக் கிண்ணங்களும் வீணாகிவிடுவதில்லை. மெருகு உருகாத கலத்தைப் பெரும்பாலும் மீளச் சுடலாம்; அது கெட்ட கலமன்று, இன்னும் முடிவுறாத கலம்.