வாயிலுக்கு வெளியே ஒரு சாக்குப்பை

சிறுசேரியில் சிப்காட் வளாகத்துக்கு அருகே அமைந்த எங்கள் குடியிருப்புக்குப் பல ஆண்டுகளாக ஓர் அம்மையார் வந்து, பெட் பாட்டில்களையும் பால் கவர்களையும் பொறுக்கிச் செல்வார். ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் திரும்பும் வேளையில் அவருடைய சாக்கு மூட்டைதான் முதலில் கண்ணில் படும். சென்ற ஆண்டு எங்கள் சங்கம் உலர்கழிவு முழுவதையும் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஐவரில் நானும் ஒருவன். மறுவாரமே காவலாளி அவரை வாயிலில் நிறுத்திவிட்டார். "நான் என்ன தப்பு பண்ணேன் பாய்?" என்று என்னிடம் கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

நாங்கள் நன்மையை எண்ணியே கையெழுத்திட்டோம். 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் அதற்கு ஈடாக மறுசுழற்சி நடந்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். பதிவு பெற்ற ஆலைகள் அச்சான்றிதழை விற்கலாம். ஆக, ஒரே பாட்டிலுக்கு இன்று இரு விலைகள். பொருளின் விலையில் ஒரு சிறு பங்கு பொறுக்கியவரின் கைக்கு வருகிறது. சான்றிதழின் விலையோ, எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத அவரை எட்டும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

உலக வங்கியும் 2024 ஜனவரியில் 10 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரம் வெளியிட்டு, கானா, இந்தோனேசியா நாடுகளின் பிளாஸ்டிக் சேகரிப்புப் பணிகளுக்கு நிதி திரட்டியது. (அதன் ஆதாயம் நமக்குக் கூடுமா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய செய்தி.) பணம் வருவது நல்லதே. ஆனால் பெரும்பணத்தோடு லாரியும் எடைமேடையும் வரும்போது சாக்குப்பைக்கு இடமில்லாமல் போகிறது. புணேயில் குப்பை சேகரிப்போரின் கூட்டுறவான 'ஸ்வச்' 2008இல் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. வீடுகள் தரும் கட்டணமும், தரம் பிரித்து விற்ற காசும் அவர்களுக்கே உரியவை. குப்பை பொறுக்குவோரை அமைப்புக்குள் சேர்க்கவேண்டும் என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறியிருந்தன. எங்கள் ஐவரில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை.

அவரிடம் அமர்ந்து பேசியபோதுதான் வேறொன்றும் தெரிந்தது. மகளின் பிரசவத்துக்காக அவர் காயலான் கடையில் முன்பணம் வாங்கியிருந்தார். அது தீரும்வரை கடைக்காரர் சொன்ன விலைக்கு அங்கேயே போடவேண்டும். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பார்கள். நம்மவர் வளர்த்த தொழில் என்பதால் எனக்குச் சற்று உறுத்தியது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை நாம் பயானில் எத்தனை முறை கேட்டிருப்போம்! வட்டி என்ற பெயரில்லாமலேயே அந்த முன்பணம் அவருடைய கூலியைத் தின்றுகொண்டிருந்தது.

ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து 8,000 ரூபாய் கர்ளே ஹஸனாவாகக் கேட்டேன். "நம் மஹல்லாவைச் சேர்ந்தவர் இல்லையே" என்றார் ஒரு பெரியவர். பேச்சு இஷா வரை நீண்டது. முடிவில், என் பிணையில் கொடுத்தார்கள். கடன் தீர்ந்தபின் அவர் இரண்டு கடைகளில் விலை கேட்டு விற்கிறார். இதுவரை நான்கு தவணை கட்டிவிட்டார்.

சங்கத்தில் பாதி வழிதான் திறந்தது. செவ்வாய், வெள்ளி காலைகளில் பாட்டில்களை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளலாம். எடை குறைவதாக நிறுவனம் ஏற்கெனவே முறையிட்டிருக்கிறது. மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். அவருக்கு நிறுவனத்தின் அடையாள அட்டையும் மாதக் கூலியும் தரவேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்காமல் கையெழுத்திடப் போவதில்லை என எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற நால்வரில் ஒருவர் இசைந்திருக்கிறார்.