தெருவின் பாட்டும் ஊரின் உயர்வும்

ஒரு மக்கட் கூட்டத்தின் நிலையை அறிய விரும்புவோன் அவர்தம் வீட்டையும் உடையையும் மட்டும் நோக்குதல் போதாது. அவர் பாடும் பாட்டையும் செவிமடுத்தல் வேண்டும். வீடு இடிந்திருக்கலாம்; உடை கிழிந்திருக்கலாம்; உள்ளம் இடியவில்லை என்பதைப் பாட்டே காட்டும். நல்ல பள்ளியும் நூலகமும் குடிநீரும் எளிதிற் சென்று சேராத நகர்ப்புறச் சேரிகளில், ‘ஹிப் ஹாப்’ என்னும் கலை இந்நாளில் இளைஞரை ஒன்றுசேர்த்து வருகின்றது. அதனை வெறுங்கூச்சல் என்று தள்ளுவாரும் உளர். பிறநாட்டு மோகம் என்று நகைப்பாரும் உளர். அரியலூரிற் பிறந்து, இக்கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யான், இதுபற்றி என் உள்ளத்தெழுந்த சிலவற்றை நண்பர்முன் வைக்கத் துணிகின்றேன்.

இக்கலையின் பிறப்பிடம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியாகும். பெருஞ்சாலை ஒன்று அப்பகுதியை ஊடறுத்துச் சென்றமையால் ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் வீடிழந்தனர். எஞ்சிய கட்டடங்களுட் பல பின்னர்த் தீக்கிரையாயின. வேலையற்ற இளைஞர் தெருவுக்கொரு கூட்டமாய்ப் பிரிந்து ஒருவரையொருவர் தாக்கினர். 1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சமாதானம் பேசச் சென்ற இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டான். அவனைச் சார்ந்தோர் பழிக்குப்பழி வாங்குதலை விடுத்து, பகைக்கூட்டத்தார் அனைவரையும் ஓரிடத்திற் கூட்டிச் சமாதானம் செய்தனர். ஒருவர் தெருவில் மற்றவர் அஞ்சாது கால்வைக்க வழி பிறந்தது. 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூவிலுள்ள 1520ஆம் எண் கட்டடத்தில், சிண்டி காம்பெல் என்னும் பெண், பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்கும்பொருட்டு ஓர் ஆடல்விருந்து நடத்தினார். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர் அவர். ‘கூல் ஹெர்க்’ எனப் பெயர்பெற்ற அவர் தமையனார் அங்கே இசைத்தட்டுக்களை இயக்கினார். பாட்டின் நடுவே தாளக்கருவி மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை அவர் நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்ய, இளைஞர் அதற்கு ஆடினர். அவ்விரவையே ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடுகின்றது.

இசைத்தட்டு இயக்குதல், தாளத்திற்கியையச் சொற்றொடுத்தல், உடல் சுழற்றி ஆடுதல், சுவரிற் சித்திரம் எழுதுதல் ஆகிய நான்கும் இக்கலையின் உறுப்புக்கள். இரண்டாவது உறுப்பையே ‘ராப்’ என்பர். இதற்கு வீணை வேண்டா, அரங்கம் வேண்டா, குருதட்சிணையும் வேண்டா. நாவும் கையும் தெருவோரமும் போதும். அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லித்தருதலே இதன் பள்ளி. ஏழையின் தெருவில் இது வேரூன்றியதன் காரணம் இதுவேயாம்.

நம் நாட்டிலும் இதன் பயனைக் காணலாம். மும்பைத் தாராவியில் 2015ஆம் ஆண்டு தோன்றிய ‘தாராவி டிரீம் பிராஜக்ட்’ என்னும் அமைப்பு, அங்குள்ள சிறுவர்க்கு ராப்பும் ஆடலும் வாயால் தாளமிடுதலும் கட்டணமின்றிக் கற்பிக்கும் மாலைப்பள்ளியை நடத்தியது. தாராவித் தமிழ் இளைஞர் இடம்பெற்ற ‘டோப்படெலிக்ஸ்’ குழுவினரின் குரல் 2018இல் வெளிவந்த ‘காலா’ படத்தில் ஒலித்தது. சென்னையிலோ, இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மா அவர்களும் முயன்று ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவை அமைத்தனர். சாதியற்றோர் என்னும் இப்பெயர், அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய சொல்லினின்றும் தோன்றியது. 2018 சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் இக்குழுவினர் முதன்முதல் மேடையேறினர். வடசென்னையில் இழவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானாவும், பறையொலியும், ராப்பும் ஒரே மேடையில் ஒன்றாயின. ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கானாவை அம்மேடையிற் பாடிய இசைவாணி அவர்களை 2020இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் 100 பெண்மணிகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. சாவு வீட்டு வாயிலில் நின்ற பாட்டு உலகின் வாயிலில் வந்து நின்றது.

இனி, இஃது இலக்கியமாமோ என வினவுவார்க்குத் தமிழிலக்கணமே விடை கூறும். தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணங்கள் 20 எனத் தொகுத்தார். அவற்றுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் அடங்கும். உருண்டும் முடுகியும் ஓடும் ராப்பின் சொல்லோட்டத்தைக் கேட்குந்தோறும் எனக்கு இவ்விரண்டும் நினைவில் எழுகின்றன. மக்கள் வாயில் வழங்கிய பாட்டுவகையைப் ‘பண்ணத்தி’ எனப் பெயரிட்டு அவர் தம் நூலில் இடந்தந்தார். இளங்கோவடிகளோ நெய்தல் மாந்தரின் கானல்வரியையும் ஆயர்மகளிரின் குரவையையும் குன்றவாணரின் பாட்டையும் தம் காப்பியத்தின் நடுவே வைத்தார். முன்னோர் தெருப்பாட்டிற்குக் கதவடைத்தாரல்லர். நாம் ஏன் அடைத்தல் வேண்டும்?

பிறநாட்டுக் கலை நம் மண்ணில் ஒட்டாது என்பாரும் உளர். எங்கள் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை அவர்கள் ஒருமுறை சென்று காண்க. இத்தாலி நாட்டிற் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747) அங்கு வாழ்ந்து, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றிக் கலம்பகம் பாடினார். அவர் கொணர்ந்த பொருள் அயலது. எடுத்துக்கொண்ட யாப்போ நம்முடையது. வந்த பொருள் இம்மண்ணின் மொழியைப் பேசத் தொடங்கியபின் அதனை அயலது என்பது யாங்ஙனம்? மதுவையும் வன்செயலையும் புகழ்ந்து மகளிரை இழிக்கும் ராப்புப் பாட்டுக்கள் மிகப்பல என்பது மெய்யே. ஆயினும் அக்குறை பாடுவோனதேயன்றிக் கலையினதன்று. ஓலைச்சுவடியிலும் நல்லதும் தீயதும் எழுதப்பட்டனவன்றோ?

நிற்க. எங்கள் ஊரின் நிலையைச் சிறிது கூறுவேன். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் பல. பெரம்பலூர்ப் பக்கமோ மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வானம்பார்த்த பூமி. இரு நகரங்களும் மாவட்டத் தலைநகரங்களாய் வளர்ந்துவிட்டன. ஆயினும் ஒதுக்குப்புறத் தெருக்களிற் பிறந்த பிள்ளைகட்கு மாலையிற் கூடிப் பயில ஓர் இடமில்லை. என் பள்ளித்தோழன் ஒருவன் பத்தாம் வகுப்போடு நின்று, கல்லேற்றும் லாரியிற் கிளீனராகச் சென்றான். ஆலை வாயிலில் லாரிகள் மணிக்கணக்காய் வரிசையில் நிற்கும்போது, தகரக் கதவிற் கைதட்டித் தான் கட்டிய பாட்டைக் கைப்பேசியிற் பதிவான். அதனைக் கேட்ட யான், அவன் ஓரடியும் எதுகை பிழையாமையும் மோனை தவறாமையும் கண்டு வியந்து அவற்றின் பெயர்களைக் கூறினேன். “டேய், நான் பாடுவதற்கெல்லாம் உன் புத்தகத்தில் பேர் இருக்கிறதா?” என்றான் அவன். அவ்வினாவில் வியப்பும் இருந்தது, துயரும் இருந்தது. தன்பால் உள்ளது கல்வியே என்று அவனுக்கு அதுகாறும் ஒருவரும் சொன்னதில்லை. மறுவாரம் அவன் என் பழைய இலக்கணப் பாடநூலைக் கேட்டு வாங்கிச் சென்றான். தாளத்தை எண்ணும் முறையை யான் அவனிடம் கற்று வருகின்றேன்.

உயர்த்துதல் என்பதன் பொருள் இதுவே என்று யான் கொள்கின்றேன். மேலிருப்பவர் கைகொடுத்துத் தூக்குதல் அன்று. அவர் கையில் முன்னரே உள்ளதைப் பெயரிட்டு மதித்தல். ஆதலின் பாடியவன் பெயரைப் பறிப்பது அவனைத் தாழ்த்துவதேயாகும். 2021இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாட்டை எழுதிப் பாடியவர்களுள் ஒருவர் அரக்கோணத்தைச் சார்ந்த அறிவு அவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே அப்பாட்டிற்கு ஊற்றாயிற்று. அவ்வாண்டில் ஓர் இசையிதழின் முகப்பில் அறிவின் உருவம் விடுபட்டமை பற்றிப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பின்னர் அவ்விதழ் அவர் உருவத்தோடும் ஒரு முகப்பு வெளியிட்டது. ஓர் உருவப்படத்திற்கு இத்துணை வழக்கா என்பார், பறையடித்த தலைமுறைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமையைச் சிறிது எண்ணிப்பார்ப்பாராக.

பாட்டொன்றே வயிற்றை நிரப்பாது. பள்ளியும் வேலையும் நீரும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் குரலும் வேண்டும். அக்குரலைப் பயிற்றுவதில் நாம் செய்யக்கூடியன சில உள. விடுமுறைக்கு ஊர்செல்லும் மாணவர் நால்வர் சேர்ந்தால், பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஏதேனும் ஒரு பள்ளியின் திண்ணையைக் கேட்டுப் பெற்று வாரத்தில் இரு மாலை பாட்டுப்பள்ளி நடத்தலாம். ஊர்ப் பறைக்கலைஞரை ஆசிரியராக அமர்த்தி, உரிய ஊதியமும் மாலையும் அளித்தல் வேண்டும். இழவிற்கு மட்டும் அழைக்கப்பட்டவர் கற்பிக்கவும் அழைக்கப்படுக. பிள்ளைகள் தத்தம் தெருவின் குறைகளைப் பாட்டாய்க் கட்டுக. கட்டியோர் பெயரோடு அவற்றை ஏட்டிற் பதிவது தமிழ் மாணவராகிய நம் பணியாகுக. எதிர்காலப் புலவன் ஒருவன் இன்று எந்த லாரியின் பின்புறத்தில் அமர்ந்துள்ளானோ, யார் அறிவார்? அவன் இறங்கி வருமுன் நாம் திண்ணையைப் பெருக்கி விளக்கேற்றி வைப்போமாக.